இரட்டைக்குழிக் கழிப்பறை: பொறியியல் கணக்கில் விடுபட்ட சாதி

2017 பிப்ரவரியில், தெலங்கானா மாநிலம் வாரங்கல் அருகேயுள்ள கங்கதேவிபள்ளி கிராமத்தில், ஒன்றிய அரசின் குடிநீர் மற்றும் துப்புரவுத் துறைச் செயலராக இருந்த பரமேஸ்வரன் ஐயர் ஒரு கழிப்பறைக் குழிக்குள் இறங்கினார். உள்ளே மட்கிக் கிடந்ததைத் தம் கைகளாலேயே அள்ளினார். அப்படங்கள் நாடெங்கும் வெளியாயின. அதிகாரி ஒருவர் குழிக்குள் இறங்கினாலே செய்தியாகிறது. தலித் தொழிலாளி இறங்குவது, அவர் பிணமாக வெளியே வரும் நாளில் மட்டுமே செய்தியாகிறது.

அவர் மெய்ப்பிக்க முயன்றதில் பிழையில்லை. தூய்மை இந்தியா திட்டம் ஊரகங்களுக்குப் பரிந்துரைத்த இரட்டைக்குழிக் கழிப்பறை, பொதுச் சுகாதாரத்தின் எளிய, மலிவான புதுமைகளுள் ஒன்று. இரண்டு சிறு குழிகள்; செங்கற்களுக்கிடையே இடைவெளி விட்டுக் கட்டிய சுவர்கள்; கழிவு எந்தக் குழிக்குச் செல்ல வேண்டும் என்பதை மாற்றிவிட ஒரு சிறு தொட்டி. நீரையும் வாயுவையும் சுற்றியுள்ள மண் உறிஞ்சிக்கொள்கிறது. முதற்குழி நிரம்பச் சில ஆண்டுகள் ஆகும். பின்னர் அதை மூடிவிட்டு இரண்டாவதைப் பயன்படுத்த வேண்டும். ஓரிரு ஆண்டுகளில் மூடிய குழியிலுள்ள கிருமிகள் மடிந்து, கழிவு மணமற்ற எருவாகிவிடும். அதை வீட்டுக்காரரே மண்வெட்டியால் அள்ளி வயலில் இடலாம்.

‘வீட்டுக்காரரே’ என்ற அந்த ஒரு சொல்லில்தான் திட்டம் இடறியது. டயான் காஃபி, டீன் ஸ்பியர்ஸ் இருவரும் வட மாநில ஊரகங்களில் மேற்கொண்ட ஆய்வை 2017இல் நூலாக வெளியிட்டனர். மக்கள் அரசு சொன்ன சிறு குழியை விரும்பவில்லை. அதைவிடப் பன்மடங்கு பெரிய குழியையே கேட்டனர். காரணம், குழி நிரம்பினால் அதைக் காலி செய்வது யார் என்னும் கேள்வி. மட்கிய எருவும் புது மலமும் வேறுவேறு என்கிறது அறிவியல். சாதியோ அவ்வேறுபாட்டை ஏற்பதில்லை. அள்ளுவதையே இழிதொழிலாக்கி, அதைச் சிலரின் பிறப்போடு பிணைத்து வைத்திருக்கிறது. அத்தொழிலைக் கைவிடத் தலித் மக்கள் நெடுங்காலமாகப் போராடி வருகின்றனர். ஆகவே, அள்ளவே தேவைப்படாத குழியை ஆதிக்கச் சாதியினர் தேடினர்.

அப்படி ஒரு குழி உலகில் இல்லை. வசதியுள்ளோர் பெரிய செப்டிக் தொட்டியைக் கட்டினர். காற்று புகாத அத்தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடும் மீத்தேனும் தேங்குகின்றன. அது நிரம்பும்போது அழைக்கப்படுவோர் யார்? நமஸ்தே திட்டத்தின் கீழ் 2024 வரை நகர்ப்புறங்களில் கணக்கெடுக்கப்பட்ட சுமார் 38,000 கழிவுநீர், செப்டிக் தொட்டித் தொழிலாளர்களில் 68.9 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். மலக்குழி மரணங்கள் குறித்து நாடாளுமன்றத்தில் அளிக்கப்பட்ட பதில்கள் பலவற்றில் தமிழ்நாடே முதலிடத்தில் நின்றது. சமூகநீதி பேசும் மாநிலம் என்பதை இங்கே நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

சட்டமும் முழுமையாகக் காக்கவில்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளக்கப்படி, அரசு அறிவிக்கும் கருவிகளோடும் பாதுகாப்புக் கவசத்தோடும் மலம் அகற்றுபவர் ‘கையால் மலம் அள்ளுபவர்’ ஆகமாட்டார். கையுறை ஒன்றைக் காட்டித் தப்பிக்க ஒப்பந்ததாரருக்கு இது போதும். மரணத்திற்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2014இல் 10 லட்சம் ரூபாய் என வகுத்து, 2023இல் 30 லட்சமாக உயர்த்தியது. அது இறந்த பின் கிடைப்பது.

இயந்திரங்கள் வந்துள்ளன. கேரளத்தில் உருவான ‘பேண்டிகூட்’ எந்திரன் 2018இல் திருவனந்தபுரத்தின் ஆள்நுழை குழிகளில் பணியைத் தொடங்கியது. அதை நாங்கள் வரவேற்கிறோம். ஆயினும் எங்களுக்கு முக்கியமாகப் படுவது 2019இல் டெல்லி அரசு செய்த ஏற்பாடு. குறுகிய சந்துகளுக்குள் செல்லும் 200 சிறு வாகனங்கள் வங்கிக் கடனுடன் தொழிலாளர்களுக்கே உடைமையாக வழங்கப்பட்டன. பணியில் இறந்தோரின் குடும்பத்தினருக்கு முன்னுரிமை தரப்பட்டது. இயந்திரத்தை யார் வைத்திருக்கிறார் என்பதும் பொதுச் சுகாதாரக் கேள்விதான். உடைமை பழைய ஒப்பந்ததாரரிடமே தங்கினால், வாகனத்தின் குழாய் எட்டாத இடத்தில் இறக்கப்படுபவர் அதே மனிதராகத்தான் இருப்பார்.

கல்லூரி மாணவர்கள் தங்கள் நகராட்சியிலோ பேரூராட்சியிலோ தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் நான்கு செய்திகளைக் கேட்டுப் பெறலாம்: உரிமம் பெற்ற கழிவகற்று வாகனங்கள் எத்தனை, அவை யார் பெயரில் உள்ளன, கழிவு எங்கே கொட்டப்படுகிறது, நமஸ்தே பட்டியலில் அவ்வூர்த் தொழிலாளர்கள் எத்தனை பேர் சேர்க்கப்பட்டுள்ளனர்.