நறவின் கொடியும் காசிமேட்டுச் சாடியும்

அயர்லாந்தில் பணிபுரியும் நண்பர் ஒருவர் டப்ளின் நகரின் டெம்பிள் பார் பகுதியிலிருந்து சில படங்களை அனுப்பியிருந்தார். சிவப்பு வண்ணம் பூசிய முகப்பு, மேலே தொங்கும் பூத்தொட்டிகள், உள்ளே பிடில் வாசிக்கும் ஒரு முதியவர், அவரைச் சுற்றி உலகின் பல மூலைகளிலிருந்தும் வந்த முகங்கள். "மதுக்கடைக்குப் போய் வந்ததை இவ்வளவு கூச்சமின்றி எழுதுகிறேனே என்று எண்ணாதீர்கள். இங்கே இது நம்மூரில் கோபுரம் பார்க்கப் போவது போல" என்று எழுதி, கூடவே ஒரு கேள்வியும் கேட்டிருந்தார். "நம் பக்கத்தில் இப்படி ஒன்று ஏன் இல்லை?" நண்பர் பிறந்து வளர்ந்தது தண்டையார்பேட்டை. ஆகவே 'நம் பக்கம்' என்பது இராயபுரம் தொடங்கி எண்ணூர் வரையிலான கடலோரம். அவருக்கு எழுதத் தொடங்கிய மடல் நீண்டு இக்கட்டுரையாகிவிட்டது.

முதலில் அந்த 'பப்'பைப் பார்ப்போம். 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம் அது. பொது இல்லம் என்று தமிழாக்கலாம். அயர்லாந்தின் சிற்றூர்களில் அது மதுக்கடையாக மட்டும் இருந்ததில்லை. ஒருபுறம் மளிகைச் சாமான் விற்கும். சில ஊர்களில் இறுதிச் சடங்கு ஏற்பாடுகளையும் அதே கடைக்காரர் கவனித்துக்கொள்வார். அதே நாட்டில்தான் 1838இல் பாதிரியார் தியோபால்ட் மாத்யூ மதுவிலக்கு இயக்கத்தைத் தொடங்கினார். இலட்சக்கணக்கானோர் குடிப்பதில்லை என்று உறுதிமொழி எடுத்தார்கள். 1960கள் வரையிலும்கூடப் பல கடைகளில் பெண்களுக்கு இடமில்லை. படத்தில் தெரியும் மகிழ்ச்சிக்குப் பின்னால் இந்த வரலாறும் உண்டு என்பதை மறந்துவிடலாகாது.

இனி நம் பக்கம் வருவோம். பொது இல்லம் என்ற எண்ணம் தமிழுக்குப் புதிதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துக் கொடிகளின் வருணனை வருகிறது. தெய்வத்தின் வாயிலில் ஒரு கொடி, கற்றறிந்த ஆசிரியர்கள் வாதுக்கு அழைத்து உயர்த்திய கொடி, துறையில் அசையும் மரக்கலங்களின் பாய்மரக் கொடி ஆகியவற்றோடு நறவு விற்பதை அறிவிக்கும் கொடியும் பறக்கிறது. அந்தக் கடையின் முற்றத்தில் மீனும் இறைச்சியும் பொரியும் ஓசை கேட்கிறது. மணலைக் குவித்து மலர் தூவியிருக்கிறார்கள். பலரும் புகும் வாயில் என்றே புலவர் அதைக் காட்டுகிறார். புலவர்களின் கொடியும் கள்ளின் கொடியும் ஒரே நகரில் ஒன்றன் நிழல் மற்றொன்றின்மேல் விழப் பறந்ததில் அவருக்கு எந்தச் சங்கடமும் இல்லை.

ஆனால் அது சோழநாட்டுத் துறைமுகம். நமது கடலோரம் தொண்டை நாட்டைச் சேர்ந்தது. இதற்கும் ஒரு பாட்டு உண்டு. அதையும் பாடியவர் அதே உருத்திரங்கண்ணனாரே. தொண்டைமான் இளந்திரையனைத் தலைவனாகக் கொண்ட பெரும்பாணாற்றுப்படையில், பரிசில் பெறப் போகும் பாணனுக்கு வழியிலுள்ள ஊர்களில் கிடைக்கும் உணவெல்லாம் சொல்லப்படுகிறது. வலைஞர் குடியிருப்பில் அவனுக்குக் கிடைப்பது அரிசியில் வடித்த மது. அதன் செய்முறையைப் புலவர் படிப்படியாகச் சொல்கிறார். அரிசியைக் களியாகத் துழாவிச் சமைக்கிறார்கள். வாய் அகன்ற பிழா என்னும் கலத்தில் ஊற்றி ஆற்றுகிறார்கள். முளைநெல்லை இடித்துச் செய்த அடையை அதில் கலக்கிறார்கள். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிந்தபின் சாடியில் விளைந்ததை விரலால் அலைத்துப் பிழிந்து, சுட்ட மீனோடு தருகிறார்கள். அந்நூலிலேயே வேறோரிடத்தில் தோப்பி என்ற பெயரும் வருகிறது. நெல்லால் சமைத்த கள் என்பது அதற்கு நச்சினார்க்கினியர் தரும் பொருள்.

இப்பகுதியை நான் பல ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறேன். உண்மையைச் சொன்னால், நடத்தியதைவிட விரைந்து கடந்ததே மிகுதி. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் பொருள் சொல்லிக்கொண்டிருந்தபோது, காசிமேட்டிலிருந்து வரும் மாணவி ஒருத்தி தன்னை மறந்து, "எங்க ஆயா இப்படித்தான் ஐயா செய்வாங்க, சுண்டக்கஞ்சி!" என்று சொல்லிவிட்டாள். வகுப்பு முழுவதும் சிரித்தது. அவள் முகம் சிறுத்துத் தலை கவிழ்ந்தது. நானோ சிரிப்பை அடக்குவதாக எண்ணிக்கொண்டு அடுத்த பகுதிக்குப் போய்விட்டேன். அன்று மாலை வீடு திரும்பும் வழியில்தான் நான் செய்தது என்னவென்று உறைத்தது. ஏட்டில் இருந்தால் இலக்கியம், அவள் வீட்டில் இருந்தால் குற்றம் என்று நானும் சொல்லாமல் சொல்லியிருந்தேன்.

சுண்டக்கஞ்சி வடசென்னை மீனவர் குப்பங்களும் உழைப்பாளர் தெருக்களும் நன்கறிந்த, அரிசியைப் புளிக்கவைத்து வடிக்கும் பானம். சங்கப் பாட்டிலிருந்து இன்றைய குப்பம் வரை அறுபடாத ஒரு கயிறு ஓடுகிறது என்று நான் வாதிட வரவில்லை. அரிசி உள்ள நாடுகளில் எல்லாம் இத்தகைய பானம் உண்டு. ஆயினும் அதே தொண்டை நாடு, அதே கடல் தொழில், அதே அரிசி, அதே சாடி. பாணனுக்கு விருந்தாக வந்தது, பேத்திக்குத் தலைகுனிவாக எப்போது மாறியது?

மதுவிலக்கால்தான் என்று உடனே சொல்லத் தோன்றும். வரலாறு சற்று வேறாக இருக்கிறது. 1639இல் ஆங்கிலக் கும்பினி இங்கே இடம் பெற்றுக் கோட்டை கட்டிய சில பத்தாண்டுகளிலேயே குடி அதற்குத் தலைவலியாயிற்று. லாங்ஹார்ன் ஆளுநராக இருந்த 1670களில், ஒருவர் ஒரு வேளைக்கு அரைப் பைண்ட் சாராயத்துக்கும் ஒரு குவார்ட் திராட்சை மதுவுக்கும் மேல் குடிக்கக்கூடாது என்று விதி செய்தார்கள். அதுவே தாராளந்தான்! சாராயம், எலுமிச்சை, சர்க்கரை, நீர், நறுமணப் பொருள் ஆகிய ஐந்தும் சேர்ந்த பானத்துக்குப் 'பஞ்ச்' என்று பெயர். ஐந்து என்னும் நம் நாட்டுச் சொல்லே அதன் மூலம் என்று, 1673இல் இந்தியா வந்த ஆங்கில மருத்துவர் ஜான் ஃபிரையர் எழுதியிருக்கிறார். சிப்பாய்களும் மாலுமிகளும் கூடிய பஞ்ச் வீடுகளே இத்துறைமுகத்தின் முதல் 'பப்'கள் எனலாம்.

அங்கே அயர்லாந்துக்காரர்களுக்கும் குறைவில்லை. கும்பினியின் ஐரோப்பியப் படைகளில் அவர்கள் கணிசமாக இருந்தனர். 1740களில் சென்னையில் உருவான ஐரோப்பியப் படைப்பிரிவு பின்னர் அரசியின் படையில் சேர்க்கப்பட்டு, 1881இல் பம்பாய்ப் பிரிவுடன் இணைந்து, 'ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ்' என்ற பெயரைப் பெற்றது. அதன் சின்னத்தில் யானையும் புலியும் இருந்தன. டப்ளினில் அப்படையின் பெயரால் 1907இல் எழுப்பிய நினைவு வளைவு இன்றும் நிற்கிறது. நண்பர் அடுத்த முறை அவ்வழியே நடந்தால் சற்று நின்று பார்க்கலாம்.

கும்பினிக்குக் குடி தலைவலி மட்டுமன்று, வருமானமும் ஆகும். சாராயத்தைக் குத்தகைக்கு விட்டுப் பணம் ஈட்டியது. குத்தகை எடுத்தவனுக்கு முதல் எதிரி யார்? வீட்டில் வடித்துக்கொள்பவர்தாம். 1886ஆம் ஆண்டின் மதராஸ் அப்காரிச் சட்டம் உரிமமின்றி மது உண்டாக்குவதைத் தண்டனைக்குரியதாக்கி இந்த ஏற்பாட்டை இறுக்கியது. ஆகவே வீட்டுச் சாடி குற்றமானது அது குடியைக் கெடுத்ததால் அன்று. கருவூலத்துக்குப் பங்கு தராததால். ஒழுக்கத்தின் குரல் பிறகுதான் வந்து சேர்ந்தது. 1937இல் இராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948இல் அது மாகாணம் முழுவதும் பரவியது. 1971இல் விலக்கு தளர்ந்து கள்ளுக்கடையும் சாராயக்கடையும் திறந்தன, 1973-74இல் மூடின. 1981இல் மறுபடியும் திறந்து, 1987 தொடக்கத்தில் மறுபடியும் மூடின. 2003 முதல் சில்லறை மது விற்பனை அரசின் டாஸ்மாக் நிறுவனத்திடம் இருக்கிறது. கொடி மீண்டும் பறக்கத்தான் செய்கிறது. ஆனால் அது வலைஞரின் முற்றத்தில் பறக்கும் கொடியன்று.

இதனால் நான் குடிக்குப் பரிந்து பேசுவதாக எவரும் கொள்ள வேண்டாம். கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரும் நம்மவரே. வடசென்னையில் ஆலையிலும் துறைமுகத்திலும் வாங்கிய கூலி வீடு வந்து சேராமல் அழிந்த குடும்பங்களை அறியாதவர் இங்கே யார்? 2024இல் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. ஒளித்து விற்கப்படும் எதுவும் இத்தகைய அழிவுக்கு ஒருபடி அருகில்தான் இருக்கும். என் மாணவியின் தாயார் சுண்டக்கஞ்சி என்ற சொல்லையே வெறுப்பவர் என்று பின்னர் அறிந்தேன். அந்த வெறுப்புக்கு அவரிடம் தக்க காரணம் இருந்தது.

அயர்லாந்திலும் இதே கதை நடந்திருக்கிறது. 'பொட்டீன்' என்பது அங்கே சிற்றூர்களில் சிறு பானையில் வடித்த சாராயம். பானை என்னும் சொல்லிலிருந்தே அதன் பெயர் பிறந்தது. 1661இல் வரிக்காக அதைக் குற்றமாக்கினார்கள். 1997இல்தான் உள்நாட்டில் விற்க முடிந்தது. 2008இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடும் கிடைத்தது. இன்று சுற்றுலாப் பயணிகள் அதை ஒரு மடக்குக் கேட்டு வாங்குகிறார்கள். ஒளித்து நடத்திய கடைக்கு அவர்கள் மொழியில் 'ஷெபீன்' என்று பெயர். அச்சொல் கடல் கடந்து தென்னாப்பிரிக்கா போய், நிறவெறி ஆட்சியில் கறுப்பினப் பெண்கள் வீட்டில் மது வடித்து விற்ற கடைகளுக்குப் பெயராயிற்று. சொவேட்டோவில் அவற்றையும் பார்க்க இன்று வெளிநாட்டார் வருகிறார்கள்.

ஆகவே நண்பரின் கேள்விக்கு என் விடை இது. நம் பக்கத்தில் அப்படி ஒன்று இல்லாமற் போகவில்லை. இருந்ததற்கு வாயில் வைக்கவும் கொடி கட்டவும் நாம் இடம் தரவில்லை. இனித் தர வேண்டுமா என்பது சட்டமன்றமும் அந்தத் தாயார் போன்றோரும் முடிவு செய்ய வேண்டிய செய்தி. என் கையில் இருப்பது ஒரு பாடவேளை மட்டுமே.

மறு ஆண்டு அப்பகுதி வந்தபோது நான் விரையவில்லை. அதற்கு முன்பே அந்த மாணவியைத் தனியே அழைத்து வருத்தம் தெரிவித்து, விருப்பமிருந்தால் ஆயாவிடம் கேட்டு வரச் சொல்லியிருந்தேன். ஆயா எப்போதோ அத்தொழிலை விட்டுவிட்டார். சாடியில் இப்போது புளி இருக்கிறதாம். முளைநெல் அடையை அவர் அறியார். ஆனால் களியை அகன்ற பாத்திரத்தில் ஆற்றுவது ஏன் என்று கேட்டதற்கு, சூட்டோடு சாடியில் ஊற்றினால் கெட்டுவிடும் என்றாராம். இரண்டு பகல், இரண்டு இரவு என்ற கணக்கை மட்டும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

"வெயில் நாள்ல ஒரு ராத்திரி போதும்னு உங்க சாருக்குச் சொல்லு."

என் பெரும்பாணாற்றுப்படைப் பிரதியின் ஓரத்தில், நச்சினார்க்கினியர் உரைக்குப் பக்கத்திலேயே, அதைப் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன்.