எண்காட்சி வடிவம் (வரைபடக் கால்குலேட்டர்)

வரைபடக் கால்குலேட்டர் ஒரு விடையைத் திரையில் எந்த உருவில் காட்ட வேண்டும் என்பதை முடிவு செய்யும் அமைப்பு. டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 2004இல் வெளியிட்ட டிஐ-84 பிளஸ் கருவியில் 'மோடு' விசையை அழுத்தினால் இது கிடைக்கும். அம்புக்குறியால் வேண்டியதற்கு நகர்ந்து 'என்டர்' தட்டினால் போதும்.

நார்மல், சயின்டிஃபிக், இன்ஜினியரிங் என மூன்று வகைகள். 12345.67 நார்மலில் அப்படியே நிற்கும். சயின்டிஃபிக்கில் 1.234567 என்றாகி, 10இன் அடுக்கு 4 பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். இன்ஜினியரிங்கில் அடுக்கு எப்போதும் மூன்றின் மடங்குதான், ஆகவே 12.34567, அடுக்கு 3. கிலோ, மில்லி, மைக்ரோ என்று புழங்கும் மின்பொறியாளர்களுக்கு இதுவே தோது. நார்மலும் முழுக்க நார்மல் இல்லை: 1ஐ 2000ஆல் வகுத்தால், விடை 0.001ஐவிடச் சிறியது என்பதால், தானாகவே அடுக்கு வடிவுக்குத் தாவி 5, அடுக்கு -4 என்று காட்டும்.

அடுத்தது தசம இடங்கள். 'ஃபுளோட்' வைத்தால் பத்து இலக்கம் வரை தெரியும்; 0 முதல் 9 வரை ஓர் எண்ணைத் தேர்ந்தால் அத்தனை இடங்கள் மட்டும்.

மாணவர்கள் இடறுவது இங்கேதான். 2 வைத்தால் 2/3 என்பது 0.67 ஆகத் தெரியும். அந்த விடையை உடனே 3ஆல் பெருக்கினால் 2.01 வராது, 2.00தான் வரும். சுருங்குவது காட்சி மட்டுமே; உள்ளே 14 இலக்கம் வரை மதிப்பு பத்திரமாக இருக்கிறது. மதிப்பையே முழுமையாக்க, 'மேத்' பட்டியலிலுள்ள 'ரவுண்ட்' கட்டளையைப் பயன்படுத்த வேண்டும்.