பாகூர்ச் செப்பேடும் ஒரு வரி முகவரியும்

பாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் தானமாக அளிக்கப்பட்டதைச் சொல்வது பாகூர்ச் செப்பேடு. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, 9ஆம் நூற்றாண்டு. வடமொழியிலும் தமிழிலும் அமைந்த அதில் தானநிலத்தின் எல்லைகளும் சொல்லப்படுகின்றன. எல்லைதான் அக்கால முகவரி. அண்டை ஊரின் பெயர் பின்னாளில் மாறினால் செம்பில் வெட்டியதைத் திருத்த வழியில்லை. அக்கல்விநிலையம் இன்று இல்லை. வாசகம் மட்டும் ‘எபிகிராபியா இண்டிகா’ 18ஆம் தொகுதியில் பதிப்பிக்கப்பட்டுப் பல நூலகங்களில் வாழ்கிறது.

நிற்க. 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய ‘கிட்’ மென்பொருள், பொருளையும் முகவரியையும் தனித்தனியே வைத்தது. நகலெடுப்பவரின் கணினிக்கு நிரலின் முழு வரலாறும் வந்துசேரும். தொலைவிலுள்ள களஞ்சியத்தின் இருப்பிடமோ, ‘ஒரிஜின்’ என்ற பெயரின்கீழ் அமைப்புக் கோப்பில் உள்ள ஒரு வரிதான்.

2015இல் கிட்டோரியசும் 2016இல் கூகுள் கோடும் மூடப்பட்டன. கிட் நகல் வைத்திருந்தவர்கள் கலங்கவில்லை. வேறிடத்தில் வெற்றுக் களஞ்சியம் ஒன்றைத் திறந்து, ‘கிட் ரிமோட் செட்-யூஆர்எல் ஒரிஜின்’ என்ற கட்டளையோடு புது முகவரியைத் தந்து, கிளைகளை மேலேற்றினால் போதும். நகல் இல்லாதவர்கள்தாம் பிறர் தயவை நம்ப வேண்டியதாயிற்று.

ஏடு பெயர்த்தெழுதிய நம் முன்னோர் அறிந்திருந்ததும் இதுவே: ஓரிடத்தில் மட்டும் இருப்பது காக்கப்பட்டதாகாது.