குத்துச்சண்டைகளை நேரிற் கண்டோர் எத்தனை பேர்?

உலகப் புகழ் பெற்ற குத்துச்சண்டைகளைப் பற்றிப் பேச்செழுந்தால், வென்றவர் யார், வீழ்ந்தவர் யார் என்பதோடு வேறொரு செய்தியும் தவறாது கூறப்படுகின்றது. நூறு கோடி மக்கள் அதனை அந்நேரமே பார்த்தனர் என்பதே அச்செய்தி. 1974ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள், ஆபிரிக்காவின் கின்ஷாசா நகரிலே முகம்மது அலி, ஜோர்ஜ் போர்மனை எட்டாஞ் சுற்றில் வீழ்த்திய போட்டிக்கு இத்தொகை சொல்லப்படுகின்றது. அடுத்த ஆண்டு மணிலாவிலே அலியும் ஜோ பிறேசியரும் பொருதியதற்கும் அதே நூறு கோடிதான். ஒருவர் எழுதியதைப் பார்த்து மற்றவர் எழுத, அத்தொகை இன்று வரலாறு போல நிலைத்துவிட்டது. அது பொருந்துமா என இம்மலரிலே சற்று ஆராயப் புகுகின்றோம்.

முதலிலே, கணக்குக்கு ஐயமில்லாத காலத்திலிருந்து தொடங்குவோம். வானொலி பரவுமுன் ஒரு போட்டியைப் பார்த்தவர் என்றால், மேடையைச் சூழ்ந்து இருந்தவரே. ரிக்கற் விற்ற பணமும் விற்ற தொகையும் ஏட்டில் இருக்கும். 1921ஆம் ஆண்டு யூலை 2ஆம் நாள், நியூயோர்க்குக்கு எதிரேயுள்ள ஜேர்சி நகரிலே ஜாக் டெம்சியும் பிரான்சு வீரர் ஜோர்ஜ் கார்ப்பந்தியேயும் மோதினர். அதற்கென்றே ரெக்ஸ் ரிக்காட் என்பவர் மரத்தினால் ஒரு பெரிய அரங்கை எழுப்பினார். ஏறக்குறைய 80,000 பேர் கூடினர். வசூல் பத்து இலட்சம் டொலரைக் கடந்த முதற் குத்துச்சண்டை அதுவே. கூட்டத்தின் பாரந் தாங்காது மரத்தட்டுகள் ஆடத் தொடங்கின என்பர். டெம்சி நாலாஞ் சுற்றிலேயே முடித்துவிட்டது அவர்களுடைய நல்வினை போலும்!

பின்னர் 1926இல் பிலடெல்பியாவிலே, மழையில் நனைந்தபடி 120,557 பேர் டெம்சி, ஜீன் ரணியிடம் பட்டத்தை இழந்ததைப் பார்த்தனர். 1927இல் சிக்காகோவிலே அவ்விருவரும் மீண்டும் சந்தித்தபோது ரிக்கற் வாங்கியோர் 104,943 பேர். ஏழாஞ் சுற்றில் ரணி கீழே விழுந்து கிடந்தது பதினான்கு விநாடி இருக்கும். டெம்சி உடனே நடுநிலை மூலைக்குச் செல்லாதபடியால் நடுவர் எண்ணத் தொடங்கியதே பிந்தி. எத்தனை விநாடி என்னும் வழக்கு இன்னும் ஓயவில்லை. ஆனால் எத்தனை பேர் என்பதில் வழக்கில்லை. கடைக்கோடி வரிசையில் இருந்தவருக்கு மேடை ஒரு தீப்பெட்டியளவே தெரிந்திருக்கும் என்பது வேறு விடயம்.

ரிக்கற் இல்லாத இடத்திலே கணக்கு உடனே தளர்ந்துவிடுகின்றது. 1941ஆம் ஆண்டு ஓகத்து 16ஆம் நாள் மில்வோக்கி நகரின் ஏரிக்கரைப் பூங்காவிலே ரோனி சேலும் பில்லி பிறயரும் மோதிய போட்டியை ஈகிள்ஸ் என்னும் சகோதர சங்கத்தார் இலவசமாக நடத்தினர். வந்தோர் 135,132 பேர் என நூல்கள் கூறும். எம் ஊர்த் தேர்த் திருவிழாவுக்குச் சனம் எத்தனை என்று கேட்டால், "ஒரு இலட்சம் இருக்கும்" என்று பெரியோர் சொல்லுவர். அது நேர்மையான மறுமொழி. வாயிலில் ரிக்கற் கிழிக்காத இடத்திலே அந்தக் கடைசி முப்பத்திரண்டு பேரையும் எண்ணியவர் யாரோ! 1993இல் மெக்சிக்கோ நகரிலே யூலியோ சேசர் சாவேசு, கிறெக் ஹோகன் என்பவரை ஐந்தாஞ் சுற்றில் வென்ற நாளில் 132,274 பேர் பணம் கொடுத்து வந்தனர். அத்தனை பேருக்கு மெக்சிக்கோவிலே ரிக்கற் வாங்கக் காசு ஏது என்று ஹோகன் முன்னரே ஏளனஞ் செய்திருந்தார். பணங் கொடுத்து வந்தோரின் தொகையில் இதுவே பெரிது என்பது எமது துணிபு.

வானொலி வந்தபோது கணக்கின் தன்மையே மாறிற்று. 1921ஆம் ஆண்டுப் போட்டியிலேயே மேடையோரத்திலிருந்து ஒருவர் தொலைபேசியிற் சொல்ல, அதனைக் கேட்டு மற்றொருவர் வானொலியிலே திருப்பிச் சொன்னார். கேட்டோர் மூன்று இலட்சம் என்றார்கள். வானொலிப் பெட்டி வீடுகளிலே மிக அரிதாயிருந்த காலம். மண்டபங்களிலும் அரங்குகளிலும் கருவி வைத்து மக்களைக் கூட்டியே கேட்கச் செய்தனர். 1938இலே ஜோ லூயிசு, ஜேர்மனியின் மக்ஸ் சிமெலிங்கை 124 விநாடியில் வீழ்த்தியபோது, நியூயோர்க் அரங்கில் இருந்தோர் ஏறக்குறைய 70,000 பேர்; வானொலியிற் கேட்டோர் ஏழு கோடி என மதிப்பிட்டனர். முன்னையது எண்ணியது, பின்னையது ஊகித்தது. இரண்டையும் ஒரே வரியில் எழுதும்போது இவ்வேற்றுமை மறைந்துவிடுகின்றது.

இனித் தொலைக்காட்சிக்கு வருவோம். பெரும் போட்டிகளை வீட்டுப் பெட்டிகளுக்கு இலவசமாக அனுப்பினால் வாயிலில் வசூல் குறையும் என்று கண்ட முதலாளிகள், 1951 முதலாக வேறொரு வழியைக் கையாண்டனர். படத்தைக் குறிப்பிட்ட சில படமாளிகைகளுக்கு மட்டும் அனுப்பி, திரையிலே காட்டி, அங்கும் ரிக்கற் விற்றனர். அலியின் பெரும் போட்டிகள் பல அமெரிக்கருக்குக் கிடைத்தது இவ்வண்ணமே. 1971ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள் அலியும் பிறேசியரும் முதன்முறை மோதியபோது நியூயோர்க் மடிசன் சதுக்க மண்டபத்தில் 20,455 பேர் இருந்தனர். பாடகர் பிராங்க் சினாற்றா ஒரு சஞ்சிகைக்குப் படம் பிடிக்கும் பணியை ஏற்று மேடையோரத்தில் நின்றார். வட அமெரிக்கப் படமாளிகைகளிலே சுமார் 25 இலட்சம் ரிக்கற் விற்றதாகக் கணக்கு. சிக்காகோவில் ஒரு மண்டபத்திலே படம் நின்றுபோகக் கூட்டம் கலகஞ் செய்தது. அவர்கள் ரிக்கற் கணக்கில் உண்டு, பார்த்தோர் கணக்கில் இல்லை. ஆனால் உலகெங்கும் பார்த்தோர் 30 கோடி என்று விளம்பரம் கூறியது.

கின்ஷாசாவுக்குத் திரும்புவோம். அரங்கில் இருந்தவர் ஏறக்குறைய 60,000 பேர். அமெரிக்கப் படமாளிகைகளுக்கு இரவுக் காட்சியாக அமைய வேண்டும் என்பதற்காக, ஆபிரிக்காவில் அதிகாலை நாலு மணியளவில் போட்டியைத் தொடக்கினர். சரி, நூறு கோடி எங்கே? அக்காலத்து உலக மக்கள் தொகை ஏறக்குறைய 400 கோடி. நாலில் ஒருவர் பார்த்திருக்க வேண்டும். சீனரும் இந்தியரும் சேர்ந்தே 150 கோடியளவினர். சீனத்திலே தொலைக்காட்சிப் பெட்டி அருமையிலும் அருமை. இந்தியாவிலே டில்லி, பம்பாய் முதலிய சில நகரங்களிலன்றித் தொலைக்காட்சி இல்லை. சென்னைக்கு அது 1975இலேயே வந்தது. தென்னாபிரிக்காவில் 1976 வரை ஒளிபரப்பே தொடங்கவில்லை. எமது இலங்கைக்கோ 1979ஆம் ஆண்டிலேதான் தொலைக்காட்சி வந்தது. அமெரிக்காவின் 21 கோடிப் பேரும் வீட்டிலிருந்து பார்க்கவில்லை. ரிக்கற் வாங்கியோரே அன்றிரவு பார்த்தனர். இவர்களையெல்லாம் கழித்த பின், எஞ்சியோரில் ஏறக்குறைய இருவருக்கு ஒருவர் பார்த்திருந்தாலன்றி அத்தொகை நிரம்பாது. அஃது ஆகாத காரியம்.

அலி போர்மனை வீழ்த்தியதை அன்றே கண்டேன் என்று சொல்லும் முதியோர் எம்மிடையேயும் உளர். அவர்கள் பொய்யுரைப்பவரல்லர். பின்னர் திரையிலும் தொலைக்காட்சியிலும் கண்ட படமும், அன்று பத்திரிகையிற் படித்த செய்தியும் நெஞ்சிலே ஒன்றாகிவிட்டன. பின்னர் படமாகப் பார்த்தோரையும் சேர்ப்பின் நூறு கோடி வியப்பன்று. அந்நேரமே பார்த்தோர் என்று எழுதும்போதுதான் கணக்குப் பிழைக்கின்றது.

நேரில் இருந்தவர் அனைவரும் பார்த்தனர் என்றும் கொள்ளலாகாது. 1965ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் அலியும் சொனி லிஸ்ரனும் இரண்டாமுறை மோதிய போட்டி, பொஸ்ரன் நகரிலே எழுந்த எதிர்ப்பினால் மெயின் மாநிலத்து லூயிஸ்ரன் என்னும் சிற்றூருக்கு மாறியது. இளைஞர் பனிக்கட்டியில் ஹொக்கி ஆடும் ஒரு மண்டபம். கூடியவர் 2,434 பேர். உலகப் பட்டத்துக்கான பெரும் போட்டிக்கு அத்தனை சிறு கூட்டம்! இரண்டு நிமிடங்கூட நிறையுமுன் லிஸ்ரன் விழுந்தார். அடி விழுந்ததைத் தாம் காணவில்லை என்று அங்கிருந்தோரிற் பலர் கூறினர். சிலர் அப்போதுதான் தம் ஆசனத்தைத் தேடிக்கொண்டிருந்தனர். விழுந்தவர்மேல் அலி நின்று கர்ச்சிக்கும் நீல் லைபரின் நிழற்படத்தை, அன்று மண்டபத்தில் இருந்தோரைப் போலப் பல்லாயிரம் மடங்கினர் அறிவர்.

2015ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் லாஸ் வேகாசிலே பிளொயிட் மேவெதரும் மன்னி பக்கியாவோவும் மோதியபோது, அமெரிக்காவில் 46 இலட்சம் கட்டணங்கள் செலுத்தப்பட்டன. இதுவும் எண்ணிய தொகையே. ஆனால் எண்ணப்பட்டது கட்டணம். ஒரு பெட்டியின் முன் எத்தனை பேர் இருந்தனர் என்பதை வீட்டுக்காரரே அறிவார். பக்கியாவோவின் பிலிப்பைன்சிலோ மக்கள் பூங்காக்களிலும் விளையாட்டு மண்டபங்களிலும் கூடிப் பெருந்திரைகளிலே பார்த்தனர். அங்கே பல இடங்களில் வாயிலில் ரிக்கற் கிழிப்பார் எவருமிலர்.