இரத்தக்குழாய் அகப்படலச் சோதனையின் வரலாறு

இரத்தக்குழாய்களின் உட்புறத்தை ஒரே ஓர் உயிரணு அடுக்காகப் போர்த்தியிருக்கும் படலம் அகப்படலம் அல்லது எண்டோதீலியம் எனப்படும். தமனிச் சுவரில் கொழுப்புப் படிந்து தடிக்கும் நோயில், அடைப்பு தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இப்படலத்தின் செயற்பாடு குறையத் தொடங்குகிறது. அக்குறைவை உடலுக்குள் எதையும் செலுத்தாமல் கண்டறியும் முறைகள் 1990களில் உருவாயின. நோயின் தொடக்கத்தைக் குழந்தைகளிடம்கூட ஆராய அவை வழிவகுத்தன.

பின்னணி

அகப்படலம் வெறும் உட்பூச்சு என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1980இல் அமெரிக்க மருந்தியலாளர் ராபர்ட் ஃபர்ச்காட்டும் ஜான் ஜவாட்ஸ்கியும் முயலின் பெருந்தமனியில் செய்த ஆய்வு இக்கருத்தை மாற்றியது. அசிட்டைல்கோலின் சேர்த்தபோது அகப்படலம் சிதையாத தமனித் துண்டுகள் தளர்ந்தன. அது தேய்ந்துபோன துண்டுகள் தளரவில்லை. தமனியைத் தளர்த்தும் பொருளொன்றை அகப்படலமே சுரக்கிறது என்பது இதனால் புலப்பட்டது. அப்பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்பதை 1987இல் சால்வடார் மொன்காடாவின் குழுவும் லூயி இக்னாரோவின் குழுவும் தனித்தனியே காட்டின. ஃபர்ச்காட், இக்னாரோ, ஃபெரிட் முராட் ஆகிய மூவருக்கும் 1998இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

வடிகுழாய்ச் சோதனை

1986இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் லட்மர், கான்ஸ் முதலானோர் மனிதரின் இதயத் தமனிக்குள் வடிகுழாய் வழியாக அசிட்டைல்கோலினைச் செலுத்தினர். நலமான தமனிகள் விரிந்தன. நோயுற்றவை மாறாகச் சுருங்கின. இம்முறை தெளிவான விடை தந்தாலும், இதயம் வரை வடிகுழாய் செலுத்தவேண்டியிருந்ததால் நோய் அறிகுறியற்றவர்களிடமும் குழந்தைகளிடமும் இதைச் செய்வது பொருத்தமாக இல்லை. ஆனால் நோய் தொடங்கும் காலத்தை அறிய அவர்களைத்தான் ஆராயவேண்டியிருந்தது.

கைப்பட்டையும் மீயொலியும்

1992இல் இலண்டனில் டேவிட் செலர்மேயர், ஜான் டீன்ஃபீல்டு முதலானோர் 'தி லான்செட்' இதழில் வெளியிட்ட ஆய்வு இதற்கு வழி திறந்தது. இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை போன்ற ஒன்றை ஊதிக் கை அல்லது காலின் இரத்த ஓட்டத்தைச் சில நிமிடங்கள் நிறுத்துவர். இன்று 5 நிமிடம் என்பது வழக்கம். பட்டையைத் தளர்த்தியதும் இரத்தம் விரைந்து பாய்ந்து தமனிச் சுவரை உரசும். நலமான அகப்படலம் அதை உணர்ந்து நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்க, தமனி விரியும். அவ்விரிவை மீயொலிக் கருவி அளக்கும். பின்னர் நாவின் அடியில் நைட்ரோகிளிசரின் தரப்படும். அகப்படலத்தின் உதவியின்றியே தமனியை விரிக்கும் இம்மருந்துக்குத் தமனி விரிந்தால், தசை நலமாக உள்ளது, குறை அகப்படலத்தில்தான் என்று கொள்ளலாம்.

ஆய்வில் 100 பேர் பங்கேற்றனர். நோய்க்காரணிகள் அற்ற 50 பேரிடமும் தமனி விரிந்தது. புகைபிடிப்போர் 20 பேர், இதயத் தமனி நோயாளர் 20 பேர், பரம்பரையாக மிகைக் கொழுப்புடைய 8 முதல் 16 வயதுக் குழந்தைகள் 10 பேர் ஆகியோரிடம் விரிவு மிகக் குறைந்தோ இல்லாமலோ இருந்தது. எந்த அறிகுறியும் இல்லாத பள்ளி வயதுக் குழந்தையின் தமனியிலேயே பழுது தொடங்கிவிடுகிறது என்பதே இதன் முதன்மையான செய்தி.

1995இல் வெளியான ஆண்டர்சன் குழுவின் ஆய்வு, கைத் தமனியின் நிலை இதயத் தமனியின் நிலையோடு தொடர்புடையது எனக் காட்டியது. 1996இல் செலர்மேயர் குழு, பிறர் விடும் புகையைச் சுவாசிக்கும் இளையோரை ஆராய்ந்தது. புகையிலிருந்து விலகியிருந்தோரின் தமனி சராசரியாக 8.2% விரிய, இவர்களின் தமனி 3.1% மட்டுமே விரிந்தது.

விரல்நுனி முறை

மீயொலிப் படம் எடுக்கப் பயிற்சி பெற்ற கை வேண்டும். இதற்கு மாற்றாக, விரலில் உறை மாட்டி, கைப்பட்டையைத் தளர்த்திய பின் நாடித்துடிப்பின் அளவு எவ்வளவு கூடுகிறது எனக் கணிக்கும் கருவிகள் 2000களில் பரவின. இது எளிது, எனினும் விரலின் சிறு குழாய்களில் நைட்ரிக் ஆக்சைடு தவிர வேறு காரணிகளும் செயல்படுவதால், இரு முறைகளும் ஒரே பொருளை அளப்பதாகக் கொள்ள இயலாது.

வரம்புகள்

4 மி.மீ. விட்டமுள்ள தமனி 5% விரிந்தால் மாற்றம் 0.2 மி.மீ. மட்டுமே. உணவு, புகை, காப்பி, அறையின் வெப்பம், பட்டை கட்டும் இடம் ஆகியவை முடிவை மாற்றக்கூடும். இதனால் 2002இலும் பின்னரும் செய்முறை வழிகாட்டுதல்கள் வெளியிடப்பட்டன. நோய் அறிகுறியற்றவர்களின் இதயநோய் வாய்ப்பைக் கணிக்க இச்சோதனையைப் பரிந்துரைக்கவில்லை என 2010இல் அமெரிக்க இதயவியல் அமைப்புகள் அறிவித்தன. ஒரு மருந்தோ உணவோ பழக்கமோ தமனியை எப்படிப் பாதிக்கிறது என்பதைக் குழுக்களாக ஒப்பிட்டறியும் ஆய்வுக் கருவியாகவே இது பெரிதும் பயன்படுகிறது.