வசூலும் வாத்தியமும்: பினாங்குப் பங்சாவானின் இசை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்த பார்சி நாடகக் குழுக்கள், பினாங்கில் கொட்டகை போட்டு இந்துஸ்தானியில் பாடி நடித்தன. அவற்றுள் ஒன்று ஊர் திரும்பியபோது அதன் மேடைப் பொருள்களை விலைக்கு வாங்கிய மாமாக் புஷி என்பவர், 1885இல் ‘புஷி இந்திரா பங்சாவான்’ என்ற குழுவை அமைத்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. அரசர்களும் தேவர்களும் உலவும் கதைகளை மலாய் மொழியில் பாட்டும் வசனமுமாக நடித்துக் காட்டிய தொழில்முறை நாடகமே பங்சாவான்.

இக்குழுக்கள் மலாயாவின் ஊர்களிலும் சுமத்திரா, ஜாவா தீவுகளிலும் சுற்றி நுழைவுச்சீட்டு வருமானத்தில் பிழைத்தவை. ஆகவே மலாய், சீன, இந்திய, அரபு ரசிகர் ஒவ்வொருவரும் தமக்குப் பழகிய மெட்டொன்றையாவது கேட்டுச் செல்லுமாறு பார்த்துக்கொள்வது வாத்தியக்காரர்களின் அன்றாடக் கடமையாயிற்று. இந்தக் கலப்பை இன ஒற்றுமையின் அடையாளமாகப் போற்றுவோர் பலர். வசூல் கணக்கும் அதற்குச் சம காரணம் என்பதை அவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. தொடக்கத்தில் ஆர்மோனியமும் தபலாவும் முதன்மை பெற்றிருந்த வாத்தியக் குழுவில் பின்னர் வயலின், பியானோ, எக்காளம் முதலியனவும் சேர்ந்தன; 1920கள், 1930களில் காட்சிகளுக்கு இடையே வால்ட்சும் டாங்கோவும்கூட ஒலித்தன. ‘அஸ்லி’ எனப்படும் மெதுநடை மலாய்ப் பாடலில் இக்கூட்டு எவ்வாறு இயங்கியது என்பதைத் தெளிவாகக் காணலாம்: ரெபானா என்னும் ஒருமுகத் தோற்கருவி எட்டு எண்ணிக்கைச் சுழற்சியைத் தாங்க, அதன் முடிவைக் காங் என்னும் வெண்கல வட்டு அறிவிக்க, வயலின் மெட்டை அசைவுகளால் அணிசெய்ய, பியானோ மேற்கத்திய சுரக்கூட்டுகளை அடியில் நிரப்பியது. எட்டு என்றதும் ஆதி தாளத்தைத் தேடும் தமிழ்க் காதுக்கு இங்கே கிடைப்பது வேறொரு நடை.

ஒரு சமூகத்தின் இசையை அதன் வாழ்க்கையோடு சேர்த்து ஆராயும் துறையான இனஇசையியல் பின்னாளில் முறையாகச் செய்த களக்கேள்வியை, அதாவது மக்களிடமே சென்று அவர்கள் இசையைக் கேட்டறிவதை, இந்த வாத்தியக்காரர்கள் தேவை கருதியே செய்துவந்தனர். பினாங்கின் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய தான் சூய் பெங், முன்னாள் நடிகர்களையும் வாத்தியக்காரர்களையும் நேர்கண்டும் பழைய செய்தித்தாள்களையும் இசைத்தட்டுகளையும் ஆராய்ந்தும் எழுதிய பங்சாவான் வரலாறு 1993இல் நூலாக வெளிவந்தது. எழுத்தில் நிற்காத கலையைப் பற்றிய நூல் என்பதால் அந்த நேர்காணல்களே அதன் உயிர்.

அந்த ஆய்வு நூலோடு முடியவில்லை. 2000களில் அவரும் நாடகக் கலைஞர் ஜேனட் பிள்ளையும் ஜார்ஜ் டவுன் இளைஞர்களோடு இணைந்து மேடையேற்றிய ‘கிசா புலாவ் பினாங்’, ‘ரொங்கேங் மெர்டேக்கா’ போன்ற ஆக்கங்களில், பல இனப் பிள்ளைகள் முதியோரிடம் வாய்மொழி வரலாற்றைக் கேட்டுப் பதிவுசெய்து, தம் இனத்துக்கு உரியதல்லாத வாத்தியங்களையும் கற்று, பாட்டையும் காட்சியையும் கூட்டாகவே உருவாக்கினர்.