தேரி மணலும் 'அந்த நாளு'ம்

பொருநைக் கரையார்க்குப் பாலை ஏட்டுத்திணை மட்டுமன்று. ஆற்றுக்குத் தெற்கே, குதிரைமொழித் தேரியில் செம்மணல் இன்றும் கிடக்கிறது. (1986 வரை அதுவும் நெல்லை மாவட்டமே.) காதலர் இருவர், சுடுவெயில், ஆறலை கள்வர்: சங்கச் சான்றோர் உடன்போக்கில் பாடிய இந்த அச்சத்தையே 1940களில் அமெரிக்கர் சிறுமுதல் குற்றப்படங்களாக்கினர்.

தமிழில் அத்தகைய இருட்படத்தை எஸ். பாலசந்தர் 1954இல் தந்தார். ஏவி.எம். தயாரித்த 'அந்த நாள்' மணல்வழி செல்லவில்லை; வீட்டுக்குள் நுழைந்தது. பாட்டில்லை, ஆட்டமில்லை. 1943இல் ஜப்பானியர் சென்னையில் குண்டு வீசிய மறுநாள் வானொலிப் பொறியாளன் ராஜன் சுடப்பட்டுக் கிடக்கிறான். ஐயம் பலரைச் சுற்றி வருகிறது. துப்பாக்கி இருந்ததோ மனைவி உஷாவின் கையில். நாட்டைப் பகைவர்க்கு விற்றவன் அவள் கணவனே.

பாலைப் பாட்டில் கள்வன் வழியில் நிற்பான்; தலைவன் காப்பான். இங்கே காக்க வேண்டியவனே கள்வன். சிவாஜி கணேசனை அவ்வுருவில் ஏற்க அன்றைய கொட்டகைகளுக்கு மனம் வரவில்லை. படம் வசூலில் தோற்றது.